பத்த வைக்கிறதா, போல்ட் போடுறதா?

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ குடும்பச் சண்டை பத்தின பதிவுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது வண்டி சேஸிஸ் பத்தின பதிவு. ஆனா சண்டையும் உண்டு, அதுல ஒரு மச்சானும் உண்டு. கொஞ்சம் நீளம்தான், டீயைப் போட்டுட்டு வந்து உட்காருங்க.

நான் குடியிருக்கிறது ஓக்லஹோமாவில், ஸ்டில்வாட்டர் என்கிற ஊரில். மெக்கானிக்கல்ல மாஸ்டர்ஸ் படிச்சுக்கிட்டு, ஒரு தாத்தா பாட்டி வீட்டுக் கராஜுக்கு மேலே இருக்கிற ஒத்தை ரூமில் வாடகைக்கு இருக்கேன். வீட்டுக்காரத் தாத்தாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. ரிட்டயர் ஆன பிறகு ரொம்ப நாள் ஆசைன்னு சொல்லி, போன வருஷம் ஒரு பழைய ஃபிஃப்த் வீல் கேம்ப்பர் வாங்கினார். முப்பது அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உண்டு. நம்ம ஊர்ல அதை வீடுன்னே வாடகைக்கு விட்டுடுவாங்க. ஜூன் மாசம் பாட்டியையும் ரெண்டு பேரப்பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு கொலராடோ மலைக்குப் போறதா திட்டம்.

கேம்ப்பர் வந்தாச்சு. இழுக்க 2012 மாடல் டீசல் பிக்கப் இருக்கு. ரெண்டையும் கோர்க்கிற ஹிட்ச் மட்டும் இல்லை. ஒரு பண்ணை ஏலத்தில் பழைய ஹிட்ச் ஒண்ணைச் சல்லிசா பிடிச்சுட்டு வந்தார் தாத்தா. ஆனா அதை வண்டி சேஸிஸோட சேர்க்கிற பிராக்கெட் அதுகூட வரலை. இங்கேதான் மச்சான் உள்ளே வர்றார்.

பாட்டியோட தம்பி. பக்கத்துல குஷிங் ஊர்க்காரர். எண்ணெய்க் குழாய்கள் நாலா பக்கமிருந்தும் வந்து கூடுகிற ஊர் அது. அங்கே பைப்லைன்ல முப்பத்தெட்டு வருஷம் வெல்டரா வேலை பார்த்தவர். ஹிட்ச்சைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்து பார்த்தார்.

"பிராக்கெட்டுக்கு எதுக்குப் பல நூறு டாலர் கொடுக்கிற? என்கிட்ட ஆங்கிள் கிடக்கு. சனிக்கிழமை வர்றேன். ஒரு மணி நேரத்தில் சேஸிஸோட சேர்த்துப் பத்த வெச்சுத் தர்றேன். போல்ட் லூஸாகும், நான் வெச்ச வெல்டு லூஸானதா சரித்திரமே கிடையாது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "சேஸிஸ்ல வெல்டிங் வேண்டாமே"ன்னு சொல்லிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எத்தனை வெல்டு வெச்சிருக்க தம்பி?"

காலேஜ் ஒர்க்‌ஷாப்ல வெச்சது நாலு. அதுல மூணு தட்டினா விழுந்துடும். இதை நான் அவர்கிட்ட சொல்லலை :-)

முதல்ல, ஃபிஃப்த் வீல்னா என்ன?

சாதாரண ட்ரெய்லரை வண்டியோட பின் பம்பருக்குக் கீழே இருக்கிற உருண்டையில் மாட்டுவாங்க. ஃபிஃப்த் வீல் அப்படி இல்லை. பிக்கப்போட தொட்டிக்குள்ளேயே, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, இல்லேன்னா ஓரிரு அங்குலம் முன்னால உட்காரும். ட்ரெய்லரோட மூக்கிலிருந்து ரெண்டு அங்குல விட்டமுள்ள ஒரு பின் கீழே தொங்கும். அது ஹிட்ச்சோட தாடையில் போய்ப் பூட்டிக்கும். நம்ம ஊர் கன்டெய்னர் ட்ரெய்லர் லாரியில் பார்த்திருப்பீங்களே, அதோட குட்டித் தம்பி.

பேர் வந்தது குதிரை வண்டிக் காலத்தில். நாலு சக்கர வண்டியின் முன் அச்சு திரும்புறதுக்காக, அச்சுக்கு மேலே சக்கரம் மாதிரி ஒரு வளையத்தைப் படுக்க வெச்சிருப்பாங்க. அதான் அஞ்சாவது சக்கரம். லாரி காலம் வந்தும் பேர் ஒட்டிக்கிச்சு.

இதில் எடை எங்கே விழுதுங்கிறதுதான் முக்கியம். பம்பர் ட்ரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டி மேல விழும். ஃபிஃப்த் வீலில் 15 முதல் 25 சதவீதம். தாத்தாவோட கேம்ப்பர் முழுசா ஏத்தினா 12,000 பவுண்டு. 20 சதவீதம்னு வெச்சாலும் 2,400 பவுண்டு, அதாவது 1,090 கிலோ. கிட்டத்தட்ட ஓர் அம்பாசடர் காரைத் தூக்கித் தொட்டியில் வெச்ச மாதிரி. வெறுமனே வெச்சா பரவாயில்லை. பிரேக் அடிச்சா முன்னால தள்ளும், கிளம்பும்போது பின்னால இழுக்கும், குழியில விழுந்தா குதிக்கும், ஓக்லஹோமா காத்துல ஆடும்.

இது அத்தனையும் தொட்டியோட தகட்டுல நிக்காது. தகடு வழியா இறங்கி சேஸிஸைப் பிடிச்சாகணும். ஹிட்ச் சரியா, வண்டி சரியாங்கிறதெல்லாம் அப்புறம். அந்தப் பிடிமானத்தை எப்படிப் போடுறதுங்கிறதுதான் சண்டை.

நான் தோத்த கதை

அன்னைக்கு நான் பண்ணின தப்பு, பாடப் புத்தகத்தை எடுத்து வீசினது. எஞ்சிய தகைவு, வெப்பம் பாதிச்ச பகுதி, களைப்பு முறிவுன்னு என்னென்னமோ சொன்னேன். அவர் பொறுமையாக் கேட்டுட்டு, "என் வெல்டையெல்லாம் எக்ஸ்ரே எடுத்துத்தான் பாஸ் பண்ணினாங்க. அதுக்குள்ளே குறை இருக்குன்னு சொல்றியா?"ன்னார்.

"இல்லை, ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா?"

தாத்தா எதுவும் பேசலை. பாட்டி ஐஸ் டீ கொண்டு வந்து வெச்சாங்க. அதோட அன்னைக்குச் சபை கலைஞ்சது.

ராத்திரி அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல கூப்பிட்டேன். அப்பா நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறையில் ஃபிட்டர். நான் பொறந்ததிலிருந்து லாரி சேஸிஸோட வாசனையில் வளர்ந்தவன்தான், ஆனா இதை அவர்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஏம்ப்பா, நாம பாடியை சேஸிஸ்ல பத்த வைக்கிறதே இல்லையே, ஏன்?"

"ஏங்கண்ணு, சேஸிஸ்ல எவனாச்சும் பத்த வெப்பானா? நடுவுல மரக்கட்டையைக் கொடுத்து யூ போல்ட்டைப் போட்டு இறுக்கோணும். பாடி பாடியா இருக்கோணும், சேஸிஸ் சேஸிஸா இருக்கோணும். ரோட்டுல போறப்ப சேஸிஸ் முறுக்கும், அதை முறுக்க உடோணும். பத்த வெச்சா அது மொறச்சுக்கிட்டு நிக்கும். அப்புறம் பக்கத்துல கீறல் உழுந்துரும்."

"வெல்டு விட்டுப் போயிடுமா?"

"வெல்டு ஏன் உடுது? வெல்டு அப்படியேதான் இருக்கும். பக்கத்துல உழுந்துரும்னேன்."

நான் நாலு வருஷம் பி.ஈ., ஒண்ணரை வருஷம் மாஸ்டர்ஸ் படிச்சு அரை மணி நேரம் திக்கித் திணறிச் சொன்னதை, அப்பா ரெண்டு வாக்கியத்தில் முடிச்சுட்டார். வெல்டு நல்லா இருக்கும். அதுக்குப் பக்கத்துல விழும்.

ஏன் பக்கத்துல விழுது?

வெல்டிங்னா ரெண்டு இரும்பை ஒட்டுறதுன்னு நினைச்சுக்கிறோம். உண்மையில் அங்கே நடக்கிறது ஒரு சின்ன வார்ப்படம். உருகின இரும்பு ஆறும்போது சுருங்கும். சுத்தி இருக்கிற குளிர்ந்த இரும்பு சுருங்க விடாது. அதனால வெல்டும் அதன் ஓரமும் ஆறின பிறகும் நிரந்தரமா இழுபட்ட நிலையிலேயே இருக்கும். வண்டியில் ஒரு கிலோ சுமைகூட ஏத்தலை, அதுக்குள்ளே அங்கே இழுவிசை உட்கார்ந்தாச்சு.

ரெண்டாவது, வெல்டோட விளிம்பு. அதை இங்கே 'டோ'ன்னு சொல்றாங்க, கால் விரல் மாதிரி. அந்த இடத்தில் இரும்போட வடிவம் சட்டுனு மாறுது. நோட்டுப் புத்தகத் தாளைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி ஓரத்துல ஒரு சின்னக் கீறல் வெச்சா எவ்வளவு சுலபமா கிழியும்? அந்தக் கீறல்தான் இது. எவ்வளவு நல்ல வெல்டரா இருந்தாலும் விளிம்புன்னு ஒண்ணு இருந்தே தீரும்.

மூணாவது, சேஸிஸ் இரும்பே சாதாரண இரும்பு இல்லை. பிக்கப் சேஸிஸ்கள் பெரும்பாலும் உயர் வலிமை ஸ்டீல். பெரிய லாரிகளில் பலதும் சூடாக்கிக் குளிரவெச்சுப் பதப்படுத்தின ஸ்டீல், சதுர அங்குலத்துக்கு 1,10,000 முதல் 1,20,000 பவுண்டு வரை தாங்கும். அந்த பலம் வந்தது வெப்பப் பக்குவத்தால். அதே இடத்தில் மறுபடி நெருப்பு வெச்சா அந்தப் பக்குவம் கலைஞ்சுடும்.

இதைவிட எனக்கு ஆச்சரியமா இருந்த விஷயம் ஒண்ணு உண்டு. ஸ்டீல் எவ்வளவு உசத்தியா இருந்தாலும், அதில் வெச்ச வெல்டு ஆட்டத்தைத் தாங்குற சக்தி கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ரெண்டு மடங்கு வலிமையான ஸ்டீல் வாங்கினாலும், வெல்டு விளிம்பில் விரிசல் விழுறதுக்கு எதிரா அதில் லாபம் ஒண்ணும் பெருசா இல்லை. காசு கொடுத்து வாங்கின பலத்தை அந்த இடத்தில் தாரை வார்க்கிறோம்.

இது ஊகம் இல்லை. கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்ல ஐ-95 நெடுஞ்சாலையில் யெல்லோ மில் பாண்ட்னு ஒரு பாலம். உத்தரத்துக்குப் பலம் சேர்க்கணும்னு அடியில் கூடுதல் தகடு வெச்சு வெல்டு பண்ணியிருந்தாங்க. 1970-ல் பார்த்தா ஒரு உத்தரத்தில் பெரிய விரிசல். தகடு முடியுற இடத்தில், வெல்டு விளிம்பிலிருந்து ஆரம்பிச்சு உத்தரத்துக்குள்ளே போயிருந்தது. பலத்துக்காகச் சேர்த்த தகடுதான் விரிசலுக்கு வாசல் திறந்து விட்டது. லீஹை பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபிஷர் இந்த மாதிரி விரிசல்களை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினவர். இன்னைக்கு இங்கே பாலம் கட்டுறவங்க பின்பற்றுகிற கணக்கு அந்த மாதிரி ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான்.

அந்தக் கணக்கில் இணைப்புகளை வகை பிரிச்சிருக்காங்க. நல்லா இறுக்கின, வழுக்காத போல்ட் இணைப்பு 'பி' வகை. சதுர அங்குலத்துக்கு 16,000 பவுண்டு வரைக்கும் ஆட்டினாலும் விரிசல் வளராதுன்னு எடுத்துக்கலாம். நீளவாக்கில் நாலு அங்குலத்துக்கு மேல பத்த வெச்ச துண்டு 'ஈ' வகை. அதுக்கு எல்லை வெறும் 4,500 பவுண்டு. மூணரை மடங்கு வித்தியாசம். பாலத்துக்கு எழுதின கணக்குதான். ஆனா தான் பாலத்துல இருக்கோமா பிக்கப்ல இருக்கோமான்னு இரும்புக்குத் தெரியாதே.

மூணு டப்பா

சனிக்கிழமை காலையில மச்சான் வெல்டிங் மெஷினோட வந்து இறங்கிட்டார். எனக்கு வயித்துல புளி கரைக்குது. இந்தத் தடவை நம்பர் எதையும் எடுத்து விடக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்.

அவர்கிட்ட ஒரு பழைய ஃப்ளாட்பெட் வண்டி உண்டு. வைக்கோல் உருளை, மாடு எல்லாம் இழுக்கிறதுக்கு. பதினாலு வருஷம் முன்னாடி அதில் கூஸ்நெக் ஹிட்ச் ஒண்ணை அவரே சேஸிஸ்ல பத்த வெச்சிருந்தார். கூஸ்நெக்குன்னா ஃபிஃப்த் வீலுக்கு ஒண்ணுவிட்ட சகோதரன், தாடைக்குப் பதிலா உருண்டை. "பதினாலு வருஷமா அசையலை, போய்ப் பாரு"ன்னு அன்னைக்குச் சொன்னதும் அவர்தான்.

"உங்க வண்டியைப் பார்க்கலாமா? உங்ககிட்ட அந்த மூணு டப்பா இருக்குமே?"ன்னேன்.

பைப்லைன் ஆளுக்கு மூணு டப்பான்னா என்னன்னு சொல்லத் தேவையில்லை. ஒண்ணு கிளீனர், ஒண்ணு சிவப்புச் சாயம், ஒண்ணு வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே. சுத்தம் பண்ணின இரும்பு மேல சாயத்தை அடிச்சுப் பத்து நிமிஷம் விட்டா, கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள்ளேயும் இறங்கிடும். மேல இருக்கிறதைத் துடைச்சுட்டு வெள்ளையை அடிச்சா, உள்ளே போன சாயம் சிவப்புக் கோடா வெளியே வந்து காட்டிக் கொடுத்துடும்.

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் டூல் பாக்ஸைத் திறந்தார்.

ரெண்டு பேரும் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டோம். வெல்டு முடியுற எட்டு இடத்திலும் பெயிண்ட்டை எடுத்துச் சுத்தம் பண்ணி, சாயம் அடிச்சு, காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிஷம் இருக்கே, வைவா ஹால் வாசல்ல நின்ன மாதிரி இருந்துச்சு. ஒண்ணுமே இல்லைன்னு வந்துட்டா? வராமப் போறதுக்கும் வாய்ப்பு உண்டு. ஒரு வண்டியில் விரிசல் இல்லைங்கிறதால அடுத்த வண்டியில் வராதுன்னு ஆகிடாது. ஆனா அதை நான் சொல்ல, அவர் கேட்பாரா?

வெள்ளையை அடிச்சார். முதல் மூணு இடம் சுத்தம். நாலாவது இடத்தில் முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு, அரை அங்குலத்துக்கு. ஏழாவது இடத்தில் ஒண்ணரை அங்குலம். வெல்டு விளிம்பில் தொடங்கி, சேஸிஸோட மேல் விளிம்பைக் கடந்து, பக்கவாட்டுத் தகட்டுக்குள்ளே இறங்கியிருந்தது.

வெல்டு மேல ஒரு புள்ளிகூட இல்லை. பதினாலு வருஷம் ஆகியும் அவர் வெச்ச வெல்டு எக்ஸ்ரேக்குத் தயாரா இருந்தது. பக்கத்துலதான் விழுந்திருந்தது.

நான் ஒரு வார்த்தை பேசலை. ஜெயிச்ச சந்தோஷம் வரும்னு நினைச்சேன், சத்தியமா வரலை. ஏன்னா அவர் மெதுவாச் சொன்னார்: "என் பேரன் போன வாரம் இந்த வண்டியிலதான் மாடு ஏத்திக்கிட்டுப் போனான்."

வெளியே வந்து கையைத் துடைச்சுக்கிட்டார். அந்த வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். அப்புறம் தாத்தாவைப் பார்த்து, "பிராக்கெட் கிட் ஆர்டர் பண்ணு. உன் வண்டிக்குன்னே வர்றதை வாங்கு"ன்னார். அவ்வளவுதான்.

போல்ட் போட்ட கதை

கிட் வந்து அடுத்த வாரம் மூணு பேருமா உட்கார்ந்து மாட்டினோம். மச்சான்தான் மேஸ்திரி, நான் சித்தாள்.

அன்னைக்குக் கத்துக்கிட்டதில் முக்கியமானது ஒண்ணு. போல்ட்டுங்கிறது ஓட்டையில் சொருகின ஆணி இல்லை, அது ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது போல்ட் மயிரிழை நீளுது. நீண்டது சுருங்கப் பார்க்கிறதால ரெண்டு தகட்டையும் கவ்விப் பிடிக்குது. சுமையைத் தாங்குறது அந்தக் கவ்வலால் வர்ற உராய்வு.

அரை அங்குல கிரேடு 8 போல்ட்டைச் சரியா இறுக்கினா சுமார் 12,750 பவுண்டு கவ்வல் கிடைக்கும். உராய்வு 0.3-ன்னு வெச்சா ஒரு போல்ட்டுக்குச் சுமார் 3,800 பவுண்டு. எட்டு போல்ட்டுக்கு 30,000 பவுண்டு. 12,000 பவுண்டு ட்ரெய்லர் தன் முழு எடைக்குச் சமமா தள்ளினாலும் தகடு நகராது. தகடு நகராத வரைக்கும் போல்ட்டுக்கு வெட்டுப்படுற வேலையே வராது. ஆனா இது சரியா இறுக்கினா மட்டும்தான். கை பலத்தில் 'போதும்'னு விட்டா இந்தக் கணக்கு மொத்தமும் காலி.

அதனால டார்க் ரெஞ்ச் இல்லாம இந்த வேலையில் இறங்கக் கூடாது. எவ்வளவு டார்க்னு கிட்டோட வர்ற தாளில் இருக்கும், அதைத்தான் வைக்கணும். தகடும் சேஸிஸும் தொடுற இடத்தில் அப்பியிருந்த துருவையும் தார்ப்பூச்சையும் சுரண்டி எடுத்தோம். நடுவுல மெத்தை மாதிரி ஏதாவது இருந்தா நாளாக நாளாக அது நசுங்கி, போல்ட் நெகிழ்ந்துடும்.

தாத்தா வண்டியோட சேஸிஸ் 'ப'வைப் படுக்க வெச்ச மாதிரி, ஒரு பக்கம் திறந்த சேனல். கிட் பெரும்பாலும் சேஸிஸில் ஏற்கனவே இருந்த ஓட்டைகளையே பயன்படுத்துச்சு. ரெண்டு ஓட்டை மட்டும் புதுசாப் போட வேண்டியிருந்தது. அதையும் நடுத் தகட்டில்தான் போட்டோம். மேல் கீழ் விளிம்புகளில் ட்ரில் போடவே கூடாது. சேஸிஸ் வளையும்போது அதிகமா இழுபடுறதும் அமுங்குறதும் அந்த ரெண்டு விளிம்பும்தான். நடுவில் அவ்வளவா வேலை இல்லை.

எல்லாம் முடிஞ்சதும் மச்சான் ஒரு மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்து, ஒவ்வொரு நட்டிலிருந்தும் பிராக்கெட் தகடு வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். நட்டு திரும்பினா கோடு ஒடிஞ்சு தெரியும். டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பார்த்தாப் போதும்.

காலி ட்ரெய்லரை மாட்டி ஐம்பது மைல் ஓட்டிட்டு வந்து மறுபடி டார்க் வெச்சுப் பார்த்தோம். ரெண்டு நட்டு கால் சுத்து திரும்பி இறுகுச்சு. மச்சானுக்குக் கொண்டாட்டம்.

"பார்த்தியா? நான் சொல்லலை, போல்ட் லூஸாகும்னு!"

"ஆமா, லூஸாச்சு. ஆனா சொல்லிட்டு லூஸாச்சே"ன்னேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் சிரிச்சுட்டார்.

எனக்கு இந்த மொத்த விவகாரத்திலும் மிஞ்சினது இதுதான். போல்ட் பலமா, வெல்டு பலமாங்கிற கேள்வியே கொஞ்சம் கோணல். நல்ல வெல்டு போல்ட்டைவிட பலமா இருக்கலாம். ஆனா வெல்டு சேஸிஸையே மாத்திடுது, போல்ட் அதை அப்படியே விட்டு வைக்குது. போல்ட் நெகிழ்ந்தா ஒரு ஸ்பேனரும் பத்து நிமிஷமும் போதும். சேஸிஸ்ல விழுந்த விரிசல் சாயம் அடிச்சுத் தேடுறவனுக்கு மட்டும்தான் தெரியும். யாரும் தேடலேன்னா, அது ஏதோ ஒரு மலை இறக்கத்தில் தானா வந்து சொல்லும்.

அப்போ வெல்டிங்கே கெட்டதா?

இல்லை மக்களே. அந்த ஹிட்ச்சே வெல்டு பண்ணினதுதான். கேம்ப்பரோட அடிச்சட்டமும் வெல்டுதான். பிக்கப் சேஸிஸ்லயே ஃபேக்டரி வெல்டு நிறைய உண்டு. ஆனா அங்கே எந்த ஸ்டீல், எவ்வளவு சூடு, எந்த இடம், ஆயுள் எவ்வளவுன்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு, சோதிச்சுப் பார்த்துச் செய்றாங்க. ஃபிஃப்த் வீல் பொருத்துற அமைப்புகளைச் சோதிக்க எஸ்.ஏ.ஈ. ஜே 2638-ன்னு ஒரு தரமே இருக்கு. நம்ம வீட்டு முற்றத்தில் சனிக்கிழமை காலையில வைக்கிற வெல்டை யாரும் அப்படிச் சோதிக்கப் போறதில்லை.

இங்கே அமெரிக்கா, கனடா பக்கம் கேம்ப்பர் வாங்குற யோசனையில் இருக்கிறவங்களுக்காகச் சுருக்கமா:

1. ஹிட்ச் சேஸிஸைப் பிடிக்கணும். தொட்டித் தகட்டை மட்டும் பிடிச்சா வேலைக்காகாது.

2. உங்க வண்டி மாடலுக்குன்னே வர்ற போல்ட் கிட்டை வாங்குங்க. புது ஹெவி டியூட்டி பிக்கப்கள் சிலதில் ஹிட்ச் மாட்ட ஃபேக்டரியிலேயே குழி வெச்சுத் தர்றாங்க. அது இருந்தா இந்த வேலையே இல்லை.

3. போல்ட் தலையைப் பாருங்க. ஆறு கோடு இருந்தா கிரேடு 8, மூணு கோடுன்னா கிரேடு 5. கிட்டில் வந்ததைத் தவிர வேறெதையும் போடாதீங்க.

4. முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்னாடியும் டார்க் பாருங்க.

5. பழைய பிக்கப் வாங்கும்போது குனிஞ்சு சேஸிஸைப் பாருங்க. யாரோ எப்பவோ பத்த வெச்ச தழும்பு இருந்தா, பெயிண்ட்டை எடுத்து சோதிக்காம ட்ரெய்லரை மாட்டாதீங்க.

6. வண்டியில் எங்கே வெல்டு வெச்சாலும் முதல்ல பேட்டரியைக் கழட்டணும். இப்போதைய வண்டிகளில் எலக்ட்ரானிக்ஸ் காலியாகிடும். டீசல் டேங்க்கும் பிரேக் லைனும் சேஸிஸை ஒட்டியே ஓடுதுங்கிறதையும் மறக்காதீங்க.

ஜூன்ல தாத்தா குடும்பம் கிளம்பிச்சு. ரெண்டாம் நாள் சாயங்காலம் எனக்கு ஒரு போட்டோ வந்தது. 7,834 அடி உயரத்தில், நியூ மெக்ஸிகோவும் கொலராடோவும் சந்திக்கிற ராட்டன் கணவாய்ல எடுத்தது. மலையையோ பேரப்பிள்ளைகளையோ காணோம். வண்டிக்கு அடியில் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த ஒரு நட்டு. மஞ்சள் கோடு ஒடியாம நேரா இருந்தது.

அதை அப்பாவுக்கு அனுப்பினேன். "நல்லா இறுக்கியிருக்கீங்க கண்ணு"ன்னு பதில் வந்தது.

மச்சானோட ஃப்ளாட்பெட் இன்னமும் அவர் கொட்டகையில்தான் நிக்குது. சேஸிஸ் வேலை தெரிஞ்ச ஒரு பட்டறையில் காட்டணும்னு சொல்லிக்கிட்டு இருக்கார். தானே அதில் பத்த வைக்கப் போறதில்லையாம். போன வாரம் என்னைப் பார்த்தவர், "உனக்கு வெல்டிங் கத்துத் தர்றேன், ஞாயித்துக்கிழமை வா"ன்னு கூப்பிட்டார். போறேன்னு சொல்லியிருக்கேன். தட்டினா விழாத ஒரு வெல்டாவது வெச்சுட்டு ஊருக்குத் திரும்பணும் :-)